பெற்றோர் கையொப்பம்

தலைமை அஞ்சலகம்
பிப்ரவரி 6

அன்புள்ள குண்டூசிக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கு நலம். நீ நலமா, சாப்பிடுகிறாயா, தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளாமல் இருக்கிறாயா என்று அறிய ஆவல்.

போன வாரம் பெரியவர்கள் போன இரண்டாம் ஆண்டு நிறைவு. கமிட்டித் தலைவர் (பதினேழு வயது, மீசை வந்துகொண்டிருக்கிறது) எங்களைத் திடலில் வரிசையாக நிறுத்திப் பேசினார். காய்ச்சல் பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒருவரையும் விட்டுவைக்கவில்லை என்பதையும், எல்லாம் பன்னிரண்டே நாளில் முடிந்துவிட்டது என்பதையும் ஞாபகப்படுத்தினார். எங்களில் யாரும் மறந்திருக்கவில்லை. பிறகு ஒரு நிமிட மௌனம். கடிகாரம் வைத்திருந்தவன் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்ததால் பதினோரு நிமிடம் நின்றோம்.

எனக்கு வேலை மாற்றம். பார்சல் அறையிலிருந்து பதில் பிரிவுக்கு. காய்ச்சலில் தப்பிய பிள்ளைகள் எல்லாரும் பிழைத்துவிடவில்லை, உனக்கே தெரியும். கெட்டுப்போன டப்பா உணவு, ஆறாத புண், மூடாத கிணறு. அப்படிப் போனவர்களுக்கு அண்ணன் தம்பி அக்கா தங்கைகளிடமிருந்து கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. முன்பெல்லாம் ‘பெறுநர் இல்லை’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிடுவோம். அதை வாங்கிய பிள்ளைகள் சாப்பிடாமல் படுத்துவிடுகிறார்கள், வேலைக்கு ஆள் குறைகிறது என்று ஊர் ஊராகப் புகார் வந்தது. கமிட்டி கூடி ஆலோசித்தது. முத்திரையை ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டு, போனவர்கள் சார்பில் பதில் எழுத நான்கு பேரை நியமித்தது. நான் ஐந்தாவது.

விதிகள் சுலபம். ‘வருகிறேன்’ என்று எழுதக் கூடாது. ‘நலம்’ என்று கட்டாயம் எழுத வேண்டும். கோபப்படவே கூடாது. பொய்க் கடிதத்தை அதில்தான் கண்டுபிடிக்கலாம், வெளியில் சொல்லிவிடாதே. ஒரு கோபம்கூட இருக்காது.

நீரேற்று நிலையத்திலிருந்து நகரத்துக்கு மாற்றம் கேட்கும் விண்ணப்பம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். நிரப்பி அனுப்பு. கிறுக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அன்பு அக்கா


நீரேற்று நிலையம்
பிப்ரவரி 27

அக்கா,

நலம், ஆவல் எல்லாம் நீயே வைத்துக்கொள். கமிட்டிதான் என்னை இங்கே அனுப்பியது என்று ஆரம்பிக்காதே. வண்டி ஏறும்போது “ஒரு மாசம்தான்டி, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவே” என்று சொன்னது கமிட்டி இல்லை. பதினான்கு மாதம் ஆகிறது. பல தடவை கண்ணை மூடித் திறந்து பார்த்துவிட்டேன்.

என் வேலை என்ன என்று நீ இதுவரை கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஆற்றுத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் தொட்டிக்கு வரும். குழாய்க்குள் பாதி வழியில் ஒரு இரும்பு வலை. அதில் இலை, சேறு, செத்த மீன் எல்லாம் அடைத்துக்கொள்ளும். பெரியவர்கள் காலத்தில் அதைச் சுத்தம் செய்ய ஒரு மிஷின் இருந்தது. இப்போது நான் இருக்கிறேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, பிரஷ்ஷை வாயில் கடித்துக்கொண்டு ஊர்ந்து போக வேண்டும். கயிற்றை ஒரு தடவை இழுத்தால் ‘இன்னும் விடு’, இரண்டு தடவை இழுத்தால் ‘வெளியே இழு’. மறுமுனையைக் கம்பவுண்டர் பிடித்திருப்பான்.

கம்பவுண்டருக்குப் பதிமூன்று வயது. மருந்து அலமாரிச் சாவி அவனிடம் இருக்கிறது, அதனால் கம்பவுண்டர். எல்லாருக்கும் சிவப்பு டானிக்தான். கால் சுளுக்குக்கும் அதுதான். ஏன்டா என்று கேட்டால், “அதுதானே நிறைய இருக்கு” என்கிறான். உங்கள் பதில் பிரிவின் சுற்றறிக்கை இங்கேயும் வந்தது. எழுத்து நன்றாக இருப்பதால் அந்த வேலையும் அவனுக்குத்தான். எங்கள் ஊர்ச் செத்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சுழித்துச் சுழித்து எழுதுகிறார்கள்.

ஃபாரத்தில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘இல்லை’ என்று எழுதினேன். நிலையத் தலைவி அடித்துவிட்டாள். நீயே போடு. மூன்றாம் வகுப்பில் கணக்கில் பதினாலு மார்க் வாங்கினபோது ரிப்போர்ட் கார்டில் அம்மா கையெழுத்தை நீதானே போட்டாய். டீச்சர் கண்டுபிடிக்கவில்லை, அம்மாதான் கண்டுபிடித்தாள். கடைசியில் ஒரு சுழி வரும். அன்றைக்கு அதை விட்டுவிட்டாய். இந்தத் தடவை விடாதே.

நீ குடிக்கிற தண்ணீர் நான் துடைத்து அனுப்பும் தண்ணீர். மரியாதையாகக் குடி.

பொய்க் கடிதத்தில் கோபம் இருக்காதாமே. நல்லது. நான் உன்னைத் திட்டுகிறவரை உயிரோடு இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

குண்டூசி


தலைமை அஞ்சலகம்
மார்ச் 20

அன்புள்ள குண்டூசிக்கு,

இங்கு நலம். உன் சளி எப்படி இருக்கிறது? (சளி இருக்கிறது என்று நீ எழுதவில்லை. ஈரத்தில் ஊர்ந்தால் இருக்கும் என்று நானே யூகித்தேன்.) விண்ணப்பம் கிடைத்தது. மையில் விழுந்து எழுந்த எறும்பு நடந்து போன மாதிரி இருந்தாலும் படிக்க முடிகிறது.

அந்தக் கட்டத்தைப் பற்றி. இங்கே யாருக்குமே பெற்றோர் இல்லை. ஆனால் படிவம் பெரியவர்கள் அச்சடித்தது. அதில் கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. கையொப்பம் இல்லாத படிவத்தை ஏற்க முடியாது என்று இரண்டு வருடமாக மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கூட்டத்தில் ஒருவன் எழுந்து, “அந்தக் கட்டத்தை அடிச்சுட்டா என்ன?” என்று கேட்டிருக்கிறான். “நீ அடிப்பியா?” என்று தலைவர் கேட்டார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

உன் கடிதம் வந்த அன்று நான் அஞ்சலகத் தலைவரிடம் போய், எனக்கு ஒரு அம்மாவின் கையெழுத்து போடத் தெரியும் என்றேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, ஒரு அம்மா போதும் என்றார். அன்றிலிருந்து எல்லா விண்ணப்பத்திலும் நம் அம்மாவின் கையெழுத்துதான், சுழியோடு. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள். உயிரோடு இருந்தபோது இரண்டுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

வாரம் ஒரு வண்டி, வண்டிக்குப் பத்து இடம். ஆகவே வாரம் பத்து கையொப்பம், விண்ணப்பம் வந்த வரிசைப்படி. உன்னுடையது இருநூற்றுப் பதினைந்தாவது. பக்கத்து மேஜைக்காரி, “உன் தங்கச்சிதானே, எடுத்து மேல வைடி, யாரு பாக்கப்போறா” என்றாள். நான் மறுத்துவிட்டேன். பெரியவர்கள் காலத்தில் எல்லாம் கெட்டுப்போனது இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்று அவளுக்கு ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

கொஞ்சம் பொறுத்துக்கொள். வரிசை நகர்கிறது.

அன்பு அக்கா


நீரேற்று நிலையம்
ஏப்ரல் 16

அக்கா,

கணக்கில் பதினாலு வாங்கினவள் கணக்குப் போட்டுவிட்டாள். இருபத்திரண்டு வாரம். ஆகஸ்ட் கடைசி. இங்கே ஜூனில் மழை. மழையில் வலை ஒரு நாளைக்கு நான்கு தடவை அடைக்கும் என்று கம்பவுண்டர் சொல்கிறான்.

போன வருட மழை முடியும்வரை, நான் அடுப்படியில் இருந்தபோது, இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவள் ஓட்டைப்பல். அவள் தோள் அகன்றுவிட்டது, குழாய்க்குள் போகவில்லை, அதனால் இப்போது அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். கதவில் ஒரு சாக்பீஸ் அளவு போட்டிருக்கிறார்கள். தோள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் விடுதலை. நானும் வளரப் பார்க்கிறேன். கிடைக்கிற ரொட்டியை எல்லாம் சாப்பிடுகிறேன். கம்பவுண்டர் அவன் ரொட்டியில் பாதியைத் தள்ளிவிட்டு, தனக்குப் பசியே இல்லை என்று பொய் சொல்கிறான். பாதி ரொட்டிக்குத் தோள் எவ்வளவு வளரும்? விரலளவு இன்னும் பாக்கி இருக்கிறது. எனக்குக் குண்டூசி என்று பெயர் வைத்ததே நீதான், ஒல்லியாக இருந்து குத்துகிறேன் என்று. வேறு பெயர் வைத்திருக்கலாம்.

எனக்கு ஒன்று மட்டும் சொல். நீ அக்காவா, கிளார்க்கா? வரிசை நகர்கிறது என்று எழுதியிருக்கிறாய். இதைத் தெரியாதவர்களுக்கு எழுது. நான் உன்னோடு ஒரே போர்வையில் படுத்தவள்.

குண்டூசி


தலைமை அஞ்சலகம்
மே 12

அன்புள்ள குண்டூசிக்கு,

நலம். உன் கோபமும் நலம் என்று தெரிகிறது. மகிழ்ச்சி.

நீ கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் வேறு ஒன்று சொல்கிறேன். வாரம் தவறாமல் ஒரு வாண்டு இங்கே வருவான், ஏழு வயது இருக்கும். அவன் அண்ணன் உப்பளத்து வேலைக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான். தகவல் எங்களுக்கு வந்தது, அவனுக்குப் போகவில்லை. அவன் போடும் கடிதங்கள் உப்பளத்துக்குப் போகாமல் என் மேஜைக்கு வரும். அண்ணனாக நான் எழுதுவேன். நலம், வேலை சுலபம், நல்ல பிள்ளையாக இரு. போன வாரம் ஜன்னலருகே வந்து, “எங்கண்ணன் இப்பல்லாம் திட்டவே மாட்டேங்கறான். அவன் செத்துட்டானா?” என்று கேட்டான்.

நான் உள்ளே போய், அன்றைய கடிதத்தில், “டேய் கழுதை, பல் தேய்க்கிறியா இல்லையா? வந்தேன்னா முதுகுல டின் கட்டிடுவேன்” என்று ஒரு வரி சேர்த்தேன். வாசலிலேயே படித்தான். பல்லைக் காட்டிக்கொண்டு ஓடினான். பிறகு நான் கமிட்டிக்கு எழுதினேன், விதி திருத்தப்பட்டது: இனிக் கடிதத்துக்கு ஒரு திட்டு அனுமதி. உங்கள் கம்பவுண்டருக்கும் சுற்றறிக்கை வரும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் கடிதம் வந்தால் நான் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறேன், திட்டு இருக்கிறதா என்று. இருந்தால் அப்புறம்தான் உட்கார்ந்து படிப்பேன்.

வரிசையில் மூன்று பேர் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள், ஆகவே நீ மூன்று இடம் முன்னேறியிருக்கிறாய். இத்துடன் ஒரு பென்சில் அனுப்பியிருக்கிறேன்.

அன்பு அக்கா


நீரேற்று நிலையம்
ஜூன் 9

அக்கா,

நலமில்லை.

மழை வந்துவிட்டது. இருமுகிறேன். முந்தாநாள் உள்ளே இருக்கும்போது கயிறு எதிலோ சிக்கிக்கொண்டது. இரண்டு தடவை இழுத்தேன், அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் தாடை வரை வந்த பிறகு எப்படியோ தெரிந்து இழுத்தான். வெளியே வந்ததும் அவன்தான் அழுதான். நான் அழவில்லை, அடித்தேன்.

மூன்று பேர் விலகிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏன் விலகினார்கள் என்று நீ எழுதவில்லை. நான் சின்னப் பிள்ளை இல்லை.

இனி வண்டி வந்தால் ஒழியக் கடிதம் எழுத மாட்டேன். சொன்னால் சொன்னதுதான். பீரோவில் என் மஞ்சள் மழைக்கோட்டு இருக்கும், அதைக் கொடுத்து அனுப்பு.

குண்டூசி


தலைமை அஞ்சலகம்
ஜூலை 2

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் இருமல் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். இது ஆவல்தான், வழக்கமான வார்த்தை இல்லை.

இன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அடுக்கின் அடியிலிருந்து உன் படிவத்தை உருவினேன். உனக்கு முன்னால் இன்னும் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். கையெழுத்து போட்டேன், சுழியையும் போட்டேன். இன்றைய வண்டிக்கான பத்தில் ஒன்றை எடுத்து அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டு உன்னுடையதை வைத்தேன். அந்தப் பத்தாவது பையனுக்குத் தெரிந்தால் திட்டுவான். திட்டட்டும்.

சாப்பிட்டுத் திரும்பிய பக்கத்து மேஜைக்காரியிடம் நானே சொல்லிவிட்டேன். “இன்னுமா செய்யாம இருந்தே?” என்றாள். அஞ்சலகத் தலைவரிடமும் போய்ச் சொன்னேன். “அன்னிக்கே பண்ணிட்டேன்னுல்ல நினைச்சேன்” என்றார். நான் நேர்மையானவள் என்று இத்தனை நாளாக நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

வண்டி இப்போது கிளம்புகிறது. பதினோராம் தேதி அங்கே வந்துவிடும். வண்டிக்காரியிடம் மழைக்கோட்டும் இந்தக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். வழியில் இடது பக்கமாக உட்கார், வலது பக்கம் பலகை ஆடுகிறது. வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அக்கா


நீரேற்று நிலையம்
ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கு நலம். அதுபோல் நீயும் நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கையில் சின்ன அடி பட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்லக் கம்பவுண்டர் எழுதுகிறார். இருமல் போய்விட்டது.

வண்டி வந்தது. ரொம்ப சந்தோஷம். ஆனால் மழைக்காலத்தில் வலையைச் சுத்தம் செய்ய வேறு ஆள் இல்லாததால் நிலையத் தலைவி என்னை அனுப்பவில்லை. அவருடைய கடிதம் தனியாக இருக்கிறது. மழைக்கோட்டு கிடைத்தது. அளவு சரியாக இருக்கிறது.

உன் மேல் எனக்குக் கோபம்தான். நீ ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். கழுதை.

வரிசையில் காக்க வைத்ததை நினைத்து வருத்தப்படாதே. நீ நியாயமாகத்தான் நடந்துகொண்டாய். எனக்குப் புரிகிறது. பரவாயில்லை அக்கா.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை குண்டூசி


தலைமை அஞ்சலகம்
செப்டம்பர் 10

அன்புள்ள கம்பவுண்டர் தம்பிக்கு,

நலமா? நீ நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஜூலை 12 தேதியிட்ட உன் கடிதம் வண்டியோடு வந்தது. வண்டியின் பத்தாவது இடம் காலியாக வந்தது. மற்ற ஒன்பது பேரும் அதில் தங்கள் மூட்டைகளை வைத்திருந்தார்கள். உங்கள் தலைவியின் கடிதமும் கிடைத்தது. ‘மேற்படி பணியாளரை வேலைப் பளு காரணமாகத் தற்போது விடுவிக்க இயலாத நிலையில் உள்ளோம்’. நல்ல வாக்கியம். எந்த ஊர்க் கமிட்டியும் குறை சொல்ல முடியாது.

ஏழு வாரம் அதை நம்பினேன். நம்புவதற்கு நிறைய உழைக்க வேண்டியிருந்தது. தினமும் காலையில் உன் கடிதத்தை எடுத்துப் படிப்பேன், ‘கழுதை’ என்ற இடத்தில் நிறுத்திக்கொள்வேன். அதற்குக் கீழே போக மாட்டேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே தொழிலில் இருக்கிறோம், அதனால் சொல்கிறேன். கடிதம் நன்றாகவே இருந்தது. கையில் அடி என்றது நல்ல யோசனை. பல் தேய்ப்பதை நான் அவளுக்கு எழுதிய கடிதத்திலிருந்து எடுத்திருக்கிறாய், இருக்கட்டும். அவள் ‘நலம்’ என்று ஆரம்பிக்க மாட்டாள். அதைக்கூட இருமிக் களைத்ததில் புத்தி மாறியிருக்கும் என்று சமாளித்துக்கொண்டேன். தவறு ஒரே இடத்தில்தான். குண்டூசி பிறந்ததிலிருந்து யாரையும் பார்த்துப் ‘பரவாயில்லை’ என்று சொன்னதில்லை. நான் தெரியாமல் அவள் காலை மிதித்த ஒரு விஷயத்தை மூன்று வருடம் கழித்துச் சொல்லிக்காட்டியவள்.

நீ இரக்கப்பட்டு எழுதினாய், தெரிகிறது. நானும் இத்தனை மாதமாக ஊருக்கெல்லாம் அதைத்தான் எழுதினேன். வாங்குகிற கையில் அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

அவள் படிவம் திரும்பி வந்து என் மேஜையில் இருக்கிறது. கையொப்பத்தில் சுழி சரியாக விழுந்திருக்கிறது. ‘விடுவிக்கப்பட்ட தேதி’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. தேதியை எழுதி அனுப்பு. ஜூலை 2 எனக்கு முக்கியம், அதற்கு முன்பா பின்பா என்று தெரிய வேண்டும். எனக்காக யோசித்து ஒரு தேதி எழுதிவிடாதே தம்பி. உண்மையான தேதி.

அக்கா


நீரேற்று நிலையம்
அக்டோபர் 1

அக்காவுக்கு வணக்கம்.

ஜூலை 9. மதியம்.

வேறு தேதி எழுதலாம் என்று நான்கு தாள் கிழித்தேன். நீங்கள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். வண்டி பதினோராம் தேதி வந்தது. வண்டிக்காரி பட்டியலைப் பார்த்து அவள் பெயரைக் கூப்பிட்டாள். இரண்டாவது தடவை கூப்பிட்டாள். அப்போது ஓட்டைப்பல்தான் போய் அவள் காதில் சொன்னாள்.

ஜூலை முதல் தேதி ஒரு பெரிய கிளை வந்து வலையில் மாட்டிக்கொண்டது. நெடுநேரம் உள்ளே இருந்தாள். கயிறு சரியாகத்தான் இருந்தது, நான் விடவே இல்லை. ஆனால் வெளியே வரும்போது உடம்பு சில்லிட்டுப்போயிருந்தது. மூன்றாம் தேதி காய்ச்சல். சிவப்பு டானிக் கொடுத்தேன். தினமும் மூன்று வேளை கொடுத்தேன். எட்டாம் தேதிதான் லேபிளை அடி வரை படித்தேன். நன்றாகப் பசி எடுப்பதற்கு என்று போட்டிருந்தது.

மழைக்கோட்டு அளவு சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. தொட்டிக்குப் பின்னால் மேட்டில் அவளை வைத்திருக்கிறோம். மழை மண்ணைக் கரைத்துக்கொண்டே இருந்தது. கோட்டை அதன் மேல் விரித்து நான்கு பக்கமும் கல் வைத்தேன். அளவு சரியாக இருந்தது.

இப்போது குழாய்க்குள் யாரும் போவதில்லை. ஏழு வயதுப் பெண் ஒருத்தியைத் தலைவி காட்டினாள். நான் கயிறு பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் கலங்கலாகத்தான் போகிறது. உங்கள் ஊருக்கும் அப்படித்தான் வரும். மன்னிக்க வேண்டும்.

அவள் படுக்கையில் எழுதியது இத்துடன் இருக்கிறது. இதைப் படித்தால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அனுப்பாமல் வைத்திருந்தேன். அதற்குப் பதிலாகத்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

கம்பவுண்டர்

*

ஏய் அக்கா,

இது கடிதம் இல்லை. வண்டி வராமல் கடிதம் எழுத மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். நேரில் வந்து திட்டும்போது எதுவும் விட்டுப்போகக் கூடாது, அதற்காகக் குறிப்பு.

ஒன்று. ஒரு மாதம் என்று சொல்லிப் பதினெட்டு மாதம்.

இரண்டு. இருநூற்றுப் பதினைந்து. அம்மா இருந்திருந்தால் என்னை வரிசையிலா நிற்க வைப்பாள்?

மூன்று. பென்சில் அனுப்பத் தெரிந்தவளுக்கு ரப்பர் அனுப்பத் தெரியவில்லை.

நான்கு.


தலைமை அஞ்சலகம்
அக்டோபர் 22

குண்டூசி,

நலம் விசாரிக்கவில்லை.

உன் குறிப்பு கிடைத்தது. மூன்றும் சரி. நான்காவது எதுவாக இருந்தாலும் அதுவும் சரி.

இங்கே தண்ணீர் கலங்கலாக வருகிறது. டம்ளரைக் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் மண் தங்குகிறது. ஊர் முழுக்கப் புகார் எழுதுகிறார்கள். புகார்களுக்குப் பதில் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். முடியாது என்றேன். நான் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கிறேன். மரியாதையாகக் குடிக்கச் சொல்லியிருந்தாய்.

போன வாரக் கூட்டத்தில் எழுந்து, பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தை அடித்துவிட வேண்டும் என்றேன். “நீ அடிப்பியா?” என்று தலைவர் கேட்டார். இப்போது அவருக்கு மீசை நன்றாக வந்துவிட்டது. நான் மேஜைக்குப் போய், அடுக்கில் இருந்த எண்பத்து மூன்று படிவங்களையும் கொண்டுவந்து, அவர் முன்னாலேயே ஒவ்வொன்றாக அடித்தேன். ஏதாவது நடக்கும் என்று எல்லாரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடுத்த பொருளுக்குப் போனார்கள். இரண்டு வருடமாக எங்களால் முடியாமல் இருந்தது இவ்வளவுதான் குண்டூசி. ஒரு கோடு.

வண்டி எண்ணிக்கை கூடவில்லை. பத்து இடம்தான். ஆனால் சின்னத் தோள் உள்ளவர்களை முதலில் கூட்டி வருகிறோம். வரிசைப்படி இல்லை என்று சிலர் திட்டுகிறார்கள். அந்த ஏழு வயதுக்காரியைக் கூட்டி வர இன்றைய வண்டி போகிறது.

பதில் பிரிவின் டப்பாவைத் திறந்து அந்தப் ‘பெறுநர் இல்லை’ முத்திரையை எடுத்தேன். மை காய்ந்திருந்தது, தண்ணீர் விட்டுக் கரைத்தேன். இந்த உறையில் குத்தப் பார்த்தேன். உன் பெயர் எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் குத்த வேண்டும். என்னால் முடியவில்லை. அதனால் முத்திரையையும் இந்தக் கடிதத்தையும் கம்பவுண்டருக்கு அனுப்புகிறேன். பதில் எழுதாதே, குத்தித் திருப்பி அனுப்பு என்று அவனுக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். இத்துடன் ஒரு ரப்பர் இருக்கிறது. அதை மட்டும் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், மழைக்கோட்டுக்கு அடியில் வைக்கட்டும்.

போக ஒன்பது நாள், வர ஒன்பது நாள். கடிதம் திரும்பி வந்ததும் நான் சாப்பிடாமல் படுத்துவிடுவேன் என்று பக்கத்து மேஜைக்காரியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். “எத்தனை நாளைக்கு?” என்று கேட்டாள், வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டுமே.

தெரியாது என்றேன்.

அக்கா